மாத்திரையை நீட்டுவது யார்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



ஓட்டம், நீச்சல், சைக்கிள் முதலிய பந்தயங்களில் கலந்து கொள்ளுகிறவர்கள் பலத்தை ஏற்றும் மருந்துகளைச் சாப்பிட அனுமதிக்கலாமா, கூடாதா என்பது பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கூடாதென்பவர்களில் பலர் சொல்லும் காரணம் எனக்குச் சம்மதமல்ல. விளையாட்டு புனிதமானது, உடம்பு கடவுள் கொடுத்தது, இயற்கைக்கு விரோதமாக எதையும் செய்யலாகாது என்கிறார்கள். மூக்குக் கண்ணாடி இயற்கையா? அம்மை குத்திக் கொள்ளுவது இயற்கையா? புனிதம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்களோடு நான் சேர முடியாது.

அனுமதிக்கலாம் என்பவர்கள் சொல்லுவதென்ன? அவனவன் உடம்பு அவனவனுக்குச் சொந்தம். திருட்டுத்தனமாய்ச் சாப்பிடுவதை டாக்டர் மேற்பார்வையில் பகிரங்கமாய்ச் சாப்பிடட்டுமே என்கிறார்கள். இப்படிப்பட்ட பந்தயத்தையே 2026 மே மாதத்தில் லாஸ் வேகாஸ் நகரத்தில் நடத்தப் போவதாக 2025-இல் ஒரு கூட்டத்தார் விளம்பரம் செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாய்த்தான் இருக்கிறது. நானும் சில காலம் இதற்குத் தலையாட்டியவன்தான். பிறகு, நடந்ததை விசாரித்துப் பார்த்தேன்.

தடையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1904-இல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் தாமஸ் ஹிக்ஸ் என்பவர் தள்ளாடிய போது, கூட வந்த உதவியாளர்கள் முட்டை வெள்ளைக் கருவோடு ஸ்டிரிக்னைன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்டிரிக்னைன் என்பது வேறொன்றுமல்ல, நம்மூர் எட்டிக்கொட்டையில் இருக்கிற விஷந்தான். அந்த மனிதர் பிறர் தாங்கிப் பிடிக்க எல்லையைக் கடந்தார். அவருக்குத் தங்கப் பதக்கம். வழியில் மோட்டாரில் ஏறி வந்து முதலில் நுழைந்த இன்னொருவரை மாத்திரம் மோசக்காரர் என்று தள்ளிவிட்டார்கள்!

சரி, அன்று டாக்டர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். டாக்டர்களே கவனித்து, கணக்கெழுதி, அளவு பார்த்துக் கொடுத்த தேசமும் ஒன்றுண்டு. அதுதான் கிழக்கு ஜெர்மனி. 1974 முதல் அங்கே இது சர்க்கார் திட்டமாகவே இரகசியமாய் நடந்தது. ஆண்களின் ஹார்மோனைப் போல வேலை செய்கிற நீல மாத்திரைகளை, வைட்டமின் என்று சொல்லிச் சின்னஞ்சிறு பெண்களுக்குக் கொடுத்தார்கள். 1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 13 நீச்சல் தங்கப் பதக்கங்களில் 11-ஐ அந்தச் சின்ன தேசம் வாரிக் கொண்டு போயிற்று. பதக்கம் தேசத்துக்கு, தடித்த குரலும், முளைத்த ரோமமும், கெட்ட ஈரலும் அந்தப் பெண்களுக்கு! அவனவன் உடம்பு அவனவனுக்குச் சொந்தம் என்கிற சுதந்திரம் அங்கே எங்கே போயிற்று?

அது சர்வாதிகார நாடு, நம்மிடத்தில் அப்படி நடக்காது என்பீர்கள். தோழர்களே, சாப்பிடலாம் என்று சட்டம் சொன்ன மறுநாளே, சாப்பிடாதவனுக்கு ஓடுகிற வரிசையில் இடமில்லாமல் போகும். எல்லோரும் சாப்பிட்டால் முன்னவனுக்கும் பின்னவனுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே ஒருவன் அளவைக் கூட்டுவான், மற்றவனும் கூட்டுவான். பந்தயத்தில் ஜெயித்தால்தான் உத்தியோகம், ஜெயித்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்கிற ஏழைப் பையனிடம் மாத்திரையை நீட்டி, இஷ்டமிருந்தால் சாப்பிடு என்றால், அதற்குப் பெயர் இஷ்டமா?

இன்றைய தடை விதியிலும் கோளாறு இல்லாமலில்லை. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆந்திரியா ரடுக்கான் என்கிற 16 வயது ருமேனியப் பெண், ஜலதோஷத்துக்குத் தன் குழுவின் டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதற்காகத் தங்கப் பதக்கத்தை இழந்தாள். அதே வருஷம் பெர்லின் கோர்ட்டில், கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுத் தலைவராயிருந்த மான்பிரெட் ஈவால்டுக்கு 22 மாதத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்தார்கள். தின்றவளுக்கு ஒரு நியாயம், தின்னக் கொடுத்தவருக்கு ஒரு நியாயம்! தடையைத் தளர்த்துவதை விட்டு, அதைக் கொடுக்கிறவன் கழுத்தில் இறுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடப் பந்தயங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பழக்குகிறவர் பொடியோ மாத்திரையோ கொடுத்தால் அதன் பெயரை எழுதி வாங்கிக் கொண்டு போய் வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். சத்து மருந்து என்ற பதிலை வாங்கிக் கொண்டு திரும்பி விடாதீர்கள். கிழக்கு ஜெர்மனியில் தாய் தகப்பன்மாருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.