மலைக்காற்றும் காபுரேட்டரும்

பதுளையிலிருந்து ஹாலி எல, தெமோதரை, பண்டாரவளை வழியாக ஹப்புத்தளைக்குப் போகும் பாதையைப் பலரும் அறிவர். பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரத்தில் உள்ளது. ஹப்புத்தளையோ சுமார் 4,700 அடி. பதுளையில் முதல் உதையிலேயே புறப்பட்ட பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று, பண்டாரவளையைத் தாண்டியதும் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது, ஹப்புத்தளைக் கடைத்தெருவில் நிறுத்தியதும் அணைந்து போகிறது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று உடையவர் சோர்ந்து விடுகிறார். விற்பதற்கு முன் அவர் பார்க்க வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. அதுவே காபுரேட்டர்.

ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்று காபுரேட்டரின் ஒடுங்கிய கழுத்தினூடே விரைகிறது. விரைவு கூடும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. அதனால் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெற்றோல் மேலெழுந்து காற்றுடன் கலக்கிறது.

மலையேற ஏறக் காற்று மெலிகிறது. பதுளைக் காற்றை விட ஹப்புத்தளைக் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைவு. கொழும்புக் காற்றை விடச் சுமார் 13 சதவீதம் குறைவு. ஜெட்டின் துளையோ மாறுவதில்லை. ஆகவே மேலே போகப் போகக் கலவையில் பெற்றோலின் விகிதம் மிகுகிறது. ஆயினும், நல்ல நிலையிலுள்ள காபுரேட்டர் இச்சிறு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த காபுரேட்டரே தாங்காது. கீழே மறைந்து கிடந்த தேய்மானத்தை மலை காட்டிக்கொடுக்கிறது எனலாம்.

தோட்டத்துச் சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை மலையாகச் சுற்றி வேலை பார்த்த காலத்தில், பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் அமல் காபுரேட்டரே இருந்தது. மூன்று நிறுவனங்கள் இணைந்து 1927இல் உருவானது அமல் நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை பெருமளவில் ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 வண்டியில் அதன் 276ஆம் வகை பொருத்தப்பட்டிருந்தது. அதில் மிதவைக் கிண்ணம் தனியே நிற்கும். 1955இல் வந்த மொனோபிளொக் வகையில் கிண்ணமும் உடலும் ஒன்றாகவே வார்க்கப்பட்டன.

இத்தகைய காபுரேட்டரைக் கழற்றியதும் தேய்மானத்தையே முதலில் தேட வேண்டும். கைப்பிடியைத் திருகும்போது மேலும் கீழும் அசைகின்ற ஸ்லைடு, தன் குழியில் ஆடுகிறதா? ஆடினால் ஓரங்களில் காற்று புகும்; வண்டி நின்ற நிலையில் சீராக ஓடாது. ஊசியும் ஊசி ஜெட்டும் உரசித் தேய்ந்திருந்தால் இடைவெளி பெருகிப் பெற்றோல் அதிகமாய் ஏறும். இத்தேய்மானத்தைத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய இயலாது. அவ்விரண்டையும் மாற்றவே வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால், ஓட்டை இருப்பின் உள்ளே பெற்றோல் தளும்பும் ஒலி கேட்கும். உள்ளிருக்கும் பெற்றோலை முழுதும் அகற்றாமல் அதற்கு ஈயம் பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்துவதும் தவறு, துளை பெருகிவிடும். காற்று ஊதியே அடைப்பை நீக்க வேண்டும்.

அதன் பின்னரே சீரமைப்பு. எஞ்சினை நன்கு சூடேற்றி, முதலில் முழு வேகத்திற்குரிய பெரிய ஜெட்டையும், பின்பு பைலட் காற்றுத் திருகையும், அதன்பின் ஊசியின் உயரத்தையும் பார்த்து, இறுதியில் பைலட் திருகை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் முறை. அமல் வகையில் இத்திருகை வெளியே திருப்பினால் காற்று கூடும். ஊசியை ஒரு படி தாழ்த்தினால் பெற்றோல் குறையும். பிளக்கின் நுனி கறுத்துப் புகை படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, வெளிர் பழுப்பே நலம்.

ஹப்புத்தளைக்கென்று அளவாக வைத்த வண்டியைத் தாழ்நிலத்தில் விரைந்து ஓட்டுவதும் தீது. அங்கே அடர்ந்த காற்றில் பெற்றோல் குறைந்து, எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டன் சேதமுறலாம். எனவே இரு இடங்களுக்குமுரிய அளவுகளை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இது பழம்பொருள் பிரியரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. 2022 ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே என்று பங்கீடு வந்தபோது, கரும்புகையாய்ப் போன ஒவ்வொரு துளியும் உடையவர் நடக்க வேண்டிய தூரமாயிற்று. அதனினும் பெரிது உயிர்ப் பாதுகாப்பு. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகளில் கைப்பிடியை மூடியும் ஸ்லைடு சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தால், வண்டி வேகம் தணியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஆகவே மலைப்பயணம் புறப்படுமுன் எஞ்சினை இயக்காமல், கைப்பிடியை முழுதும் திறந்து கையை விட்டுவிடுக. ஸ்லைடு 'டக்'கென்று அடியில் விழும் ஒலி கேட்க வேண்டும். கேட்டால் புறப்படலாம். கேளாவிடின், அன்று பஸ்ஸில் போவதே நன்று.