குனிய வேண்டியவர் யார்?

(இனப் பிளவுகளுக்கு நடுவே கிறிஸ்தவத் தாழ்மை: கருத்தரங்கத் தலைமை உரை)

 

நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் தாழ்மையும் பிறர் துயர் உணர்தலும். திருச்சபைக்குள் இந்த இரண்டையும் வேண்டாம் என்று சொல்பவர் எவரும் இல்லை. அதுவே இந்தப் பொருளில் உள்ள சிக்கல். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு நற்பண்பு யாருக்கு உபதேசிக்கப்படுகிறது, யாருக்கு உபதேசிக்கப்படுவதில்லை என்று நாம் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்ட களம் தென்னாப்பிரிக்கா. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வேதாகமத்தைக் கையில் வைத்திருந்த நாடு அது. நிறவெறிக்கு இறையியல் நியாயம் எழுதிக் கொடுத்தவர்களும் சபையார். அதைப் பாவம் என்று அறிக்கையிட்டவர்களும் சபையார்.

1829-ல் கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபை கூடி, திருவிருந்தில் நிற வேறுபாடு பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1857-ல், அதே சபை வேறொரு தீர்மானம் போட்டது. எல்லாரும் ஒரே சபையில் கூடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று அத்தீர்மானம் முதலில் ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனம் காரணமாக அது இயலாத இடங்களில், கருப்பினத்தாருக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பலவீனம் யாருடையது? கருப்பினத்தார் பக்கத்தில் உட்காரச் சகிக்காத வெள்ளையருடையது. பலவீனரைத் தாங்க வேண்டும் என்ற அப்போஸ்தலப் போதனை, இங்கே பலமுள்ளவனின் அருவருப்பைத் தாங்கப் பயன்பட்டது. 1881-ல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே உருவாகிவிட்டது. சலுகையாகத் தொடங்கியது வழக்கமாகி, வழக்கம் கொள்கையாகி, 1948-க்குப் பிறகு நாட்டின் சட்டமாகவே ஆயிற்று.

இதைக் கேட்டு நம்மில் எவரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பு இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பீடம் ஒன்று, அதை நோக்கி இரண்டு கிளைகளாக மண்டபம். மேல்சாதியார் ஒரு கிளையில், மற்றவர் இன்னொன்றில், நடுவே சுவர். இரு தரப்பாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, அது தங்கள் உரிமை என்று நீதிமன்றம் போனவர்கள் கிறிஸ்தவர்களே. சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2001-ல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் வற்புறுத்தின. இந்திய அரசு எதிர்த்தது. நிறமும் சாதியும் ஒன்றா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். ஆலயத்துக்குள் எழுந்த சுவர் இரண்டு நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்தது.

அடுத்து, துயர் உணர்தல். துன்பப்பட்டவனுக்குப் பிறர் துன்பம் தானாகவே புரியும் என்று நாம் நம்புகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் 1899 முதல் 1902 வரை நடந்த போரில், ஆங்கிலேயர் அமைத்த முகாம்களில் ஏறத்தாழ 26,000 போயர் பெண்களும் குழந்தைகளும் நோயிலும் பசியிலும் மாண்டார்கள். கருப்பினத்தாருக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். போயர் சாவுகளுக்கு 1913 டிசம்பர் 16 அன்று புளூம்ஃபொன்டெய்னில் நினைவுத்தூண் திறக்கப்பட்டது. முகாம்களின் கொடுமையை இங்கிலாந்தில் அம்பலப்படுத்திய எமிலி ஹாப்ஹவுஸ் உடல்நலம் குன்றியதால் வர இயலவில்லை. அவருடைய உரை வாசிக்கப்பட்டது. முகாம்களில் மடிந்த கருப்பினத்தாரையும் அவர் அதில் நினைவுகூர்ந்திருந்தார். பிற்காலப் பதிப்பு ஒன்றில் அந்தப் பகுதி விடுபட்டுப்போயிற்று. தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சமூகம், பக்கத்து முகாமில் செத்த பிள்ளையைக் கணக்கில் சேர்க்க மறந்தது. பட்ட துன்பம் அவர்களுடைய மனத்தைத் திறக்கவில்லை, வேலியாகிவிட்டது.

அதே 1913-ல்தான் கருப்பினத்தார் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் ஏறத்தாழ 7 சதவீத நிலத்துக்குள் அடக்கிய நிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த நீதிபதி சேர்லின் தீர்ப்பு, அந்நாட்டில் வாழ்ந்த இந்தியரின், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்களின் சட்டத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கியது. நம் பெண்களை மனைவியர் அல்ல என்று சொல்லக் கிறிஸ்துவின் பெயர் கருவியாயிற்று! ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது மூன்று பவுன் வரி வேறு இருந்தது. நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் முன்னின்றவர்களில் பெரும்பகுதி தமிழர். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்விட்டாள்.

அந்த நாட்களில், 1914 ஜனவரித் தொடக்கத்தில், ஆங்கிலிக்கன் குருவான சி. எஃப். ஆண்ட்ரூஸ் டர்பன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கினார். எதிர்கொள்ள வந்தவர்களில், இந்தியரின் போராட்டத்தை வழிநடத்திய காந்தி யார் என்று விசாரித்து அறிந்ததும், குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஓர் ஆங்கிலேயர், அதிலும் ஒரு குரு, ஆசியர் ஒருவரின் காலைத் தொடுவதா என்று கண்டனம் எழுந்தது. ஒரு கூலித் தொழிலாளி துரையின் முன் நாள் முழுவதும் குனிந்து நின்றாலும் அந்த ஊரில் யாரும் அதைச் செய்தியாக்கியிருக்க மாட்டார்கள். மேலே இருப்பவர் குனிந்தபோதுதான் ஊர் அதிர்ந்தது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய வேதப்பகுதியை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அங்கே துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கியவர் போதகர். பதறி மறுத்தவர் பேதுரு.

ஆகவே என் கருத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவத் தாழ்மை மேலே இருப்பவரின் முதல் கடமை. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் அதைக் கேட்பது உபதேசம் ஆகாது, இன்னொரு அடி. ‘பொறுத்துப் போங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று நாம் எத்தனை பிரசங்கங்களில் தவறான ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறோம்!

மேலே இருந்து இறங்குவதற்கு ஒரு விலை உண்டு. டச்சுச் சீர்திருத்தச் சபையின் வெள்ளை ஆயரான பேயர்ஸ் நௌடே அதைக் கொடுத்தவர். போயர் வழிவந்த ஆஃப்ரிக்கானர் தேசியத்தின் ரகசியக் கோட்டையான புரூடர்பாண்டை நிறுவியவர்களில் ஒருவர் அவருடைய தந்தை. மகனும் அதில் உறுப்பினர், சபையில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். கருப்பினச் சபைகளில் பணியாற்றிய இளம் ஆயர்கள் அவரிடம் வந்து, நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், நேரில் வந்து பாருங்கள் என்றார்கள். போனார். மனைவி மக்களைப் பிரிந்து விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த தொழிலாளிகளைக் கண்டார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அந்த டிசம்பரில் காட்டெஸ்லோவில் கூடிய சபைகளின் மாநாடு, நிறத்தின் பெயரால் எவரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்கக் கூடாது என்றது. அரசு சினந்தது, நௌடேயின் சபை பின்வாங்கியது, அவர் பின்வாங்கவில்லை. 1963-ல் பிரசங்கபீடத்தை விட்டு இறங்கினார். 1977 முதல் ஏழு ஆண்டுகள் தடையுத்தரவில் வாழ்ந்தார். பின்னாளில் அலெக்சாண்ட்ரா என்ற கருப்பினக் குடியிருப்பின் சபையில் ஓர் உறுப்பினராக அமர்ந்தார். 2004-ல் அவர் மறைந்தபின் அவருடைய சாம்பல் அந்த மண்ணில்தான் தூவப்பட்டது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தாழ்மையே தேவையில்லையா? இதற்குப் பெல்ஹார் அறிக்கை பதில் சொல்கிறது. கேப் டவுனை ஒட்டிய பெல்ஹாரில் கூடிய கலப்பினத்தார் சபை 1982-ல் அதை வரைந்தது, 1986-ல் ஏற்றுக்கொண்டது. அநீதி இழைக்கப்பட்டவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதனுடன் அனுப்பிய கடிதத்தில், சுவிசேஷத்துக்கு விரோதமான போக்கு தங்களுக்குள்ளும் உண்டு என்று எழுதினார்கள். இது எந்தத் தனிமனிதர் மீதும் வீசிய கல் அல்ல என்றார்கள். நிமிர்ந்து நின்று உண்மையைச் சொன்ன அதே வேளையில், தாங்களும் பாவிகளே என்பதை மறக்கவில்லை. ஒடுக்கப்பட்டவரின் தாழ்மை என்றால் அதுதான். அந்த அறிக்கையைத் தன் விசுவாச அடிப்படையில் சேர்த்துக்கொள்வது பற்றி வெள்ளையர் சபை பல ஆண்டுகள் விவாதித்தது. தேவையான ஆதரவு அதன் மாகாண மன்றங்களில் கிடைக்கவில்லை.

மன்னிப்பு எங்கே நிற்கிறது? 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் சபைகள் கூடின. ஸ்டெல்லன்பாஷ் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தன் சார்பிலும் தன் மக்கள் சார்பிலும் நிறவெறியின் பாவத்தை அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு உடனே எழுந்து ஏற்றுக்கொண்டார். ஆனால் எல்லார் சார்பிலும் மன்னிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று கருப்பினப் பிரதிநிதிகள் சிலர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. பின்னர் அதே டுட்டு தலைமையில் உண்மை, ஒப்புரவு ஆணையம் ஏறத்தாழ 21,000 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. பாதிக்கப்பட்டோருக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர அது பரிந்துரைத்தது. அரசோ 2003-ல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் கொடுத்துக் கணக்கை முடித்தது. சகேயு தான் அபகரித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக லூக்கா எழுதுகிறார். அந்த வரிசையை மாற்றிப் படிக்க நமக்கு அதிகாரமில்லை.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. ஃப்ராங்க் சிக்கானே ஆயர். அந்நாளில் தென்னாப்பிரிக்கச் சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். 1989-ல் அவருடைய பெட்டியில் இருந்த துணிகளில் காவல்துறையினர் நஞ்சு தடவினார்கள். மீண்டும் மீண்டும் நோயில் விழுந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று அமெரிக்காவின் மேடிசன் நகர மருத்துவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அப்போது காவல்துறை அமைச்சராக இருந்தவர் ஆட்ரியான் ஃப்ளோக். 2006 ஆகஸ்டில், அதிபர் அலுவலகத்தின் உயர் அதிகாரியாகிவிட்ட சிக்கானேயின் அறைக்கு அந்த ஃப்ளோக் வந்தார். பாவத்தை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு வேதாகமத்தை நீட்டினார். கொண்டுவந்த பையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, அங்கிருந்த குவளைத் தண்ணீரை அதில் ஊற்றி, மண்டியிட்டு, சிக்கானேயின் கால்களைக் கழுவினார்.

வெறும் நாடகம் என்றார்கள் பலர். பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு முழு உண்மையும் இன்னும் சொல்லப்படவில்லையே என்றார்கள். அந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஃப்ளோக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்தாண்டுத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பிற்காலத்தில் ஏழைக் குடியிருப்புகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். கால் கழுவிய நீர் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் உண்மையும் ஈடும் வருகின்றனவா என்பதை வைத்தே அச்செயலின் மதிப்பை நிறுக்க வேண்டும்.

ஆய்வாளர்களே, இந்த அரங்கில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். இங்கே தாழ்மை யாரிடம் கேட்கப்படுகிறது? துயரத்தைச் சொல்பவர் யார், அதற்குத் தீர்ப்பு எழுதுபவர் யார்? ஒப்புரவு என்ற பெயரில் எந்தக் கடன் தள்ளுபடி செய்யப்படுகிறது? விவாதங்களில் தலித் சபைகளிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்திருக்கும் தோழர்கள் முதலில் பேசட்டும். என்னைப் போன்ற பதவியிலிருப்பவர்கள் கடைசியில் பேசுவோம். தீர்மானங்கள் எழுதும்போது, நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்களும் நிர்வாகக் குழுக்களும் இன்னும் யாருக்கு மூடிக் கிடக்கின்றன என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தாழ்மையை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர்கள் மேடையில் இருக்கும் நாங்கள்தான். அந்தப் பொறுப்பை ஏற்று, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.