கரியும் உயிர்ச் சக்தியும்



இன்று என்னை அங்கக இரசாயனத்தைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் கல்லூரி வாசலில் கால் வைத்தவனல்ல. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய பாடப் புத்தகங்களைப் படித்து, விளங்காத இடங்களில் தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கற்றுக்கொண்டவன். ஆதலால் நான் சொல்வதில் பிழையிருந்தால் கற்றவர்கள் கூட்ட முடிவில் எழுந்து திருத்தலாம். அதற்கு நான் வெட்கப்படமாட்டேன்.

அங்ககம் என்ற பெயரே ஒரு பழைய தப்பெண்ணத்தின் மிச்சமாகும். பிராணிகளின் அங்கங்களிலும் செடி கொடிகளிலும் உண்டாகும் வஸ்துக்கள் ஒரு ஜாதி, கல்லும் மண்ணும் உப்பும் வேறு ஜாதி என்றும், முதல் ஜாதியை உண்டாக்க “உயிர்ச் சக்தி” என்று ஒன்று வேண்டும், மனிதன் கையால் ஆகாது என்றும் ஐரோப்பாவில் பெரிய பெரிய பண்டிதர்களே நம்பியிருந்தார்கள். இன்று அந்தப் பெயருக்குக் கரி அணு சேர்ந்த வஸ்துக்களைப்பற்றிய படிப்பு என்பதுதான் பொருள். நம் அடுப்பில் கிடக்கிற அதே கரிதான். அதன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு இரண்டு கை. கரிக்குள்ள விசேஷம் என்னவென்றால், அது தன் இனத்தோடேயே கைகோத்துக் கொண்டு சங்கிலி சங்கிலியாக நீளும்.

என் சிறு வயதில் இருட்டிய பிறகு எங்கள் ஊர் ஏரிப் பக்கம் போகக்கூடாது என்பார்கள். கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்தால் நெருப்பு வருமாம்! இத்தாலி தேசத்தில் வோல்டா என்பவர் 1776ம் வருஷத்தில் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து நெருப்பு வைத்துப் பார்த்தார். எரிந்தது. பிசாசைக் குப்பியில் அடைப்பதாக நம்மூர் மந்திரவாதிகள் சொல்லிக்கொள்ளுகிறார்கள். எரிகிற வாயுவைச் சேற்றிலிருந்து மெய்யாகவே அடைத்துக் காட்டியவர் வோல்டாதான். அந்த வாயுவுக்கு மெத்தேன் என்று பெயர். ஒரு கரி அணு, அதன் நான்கு கைகளிலும் நான்கு ஹைட்ரஜன், அவ்வளவே. சாண எரிவாயுவிலும் எரிவது அதுதான்.

இனி கரியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். மூன்றும் நான்குமாகக் கரி சேர்ந்தவை சமையல் சிலிண்டரில் இருக்கின்றன. பத்திலிருந்து பதினாறு வரையில் சேர்ந்தால் மண்ணெண்ணெய். இருபது முப்பது என்று போனால் மெழுகுவர்த்தியின் மெழுகு. ஆயிரக்கணக்கில் போனால் மளிகைக் கடைப் பாலிதீன் பை! வாயுவும் எண்ணெயும் மெழுகும் பையும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஆனால் எல்லாம் அதே கரியும் அதே ஹைட்ரஜனுந்தான். சங்கிலியின் நீளந்தான் வேறு.

இந்தப் பாலிதீனை 1933ல் இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் வேறொன்றை எதிர்பார்த்துச் செய்த சோதனையில் பாத்திரத்துக்குள் மெழுகுபோல் ஒட்டியிருக்கக் கண்டார்கள். அவ்வளவு நீளமான மூலக்கூறு உண்டு என்று 1920ல் ஜெர்மனியில் ஸ்டாடிங்கர் எழுதியபோது சக பண்டிதர்கள் நம்பவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1953ல். விஞ்ஞானிகளிலும் பிடிவாதக்காரர்கள் உண்டு; ஆனால் அங்கே சோதனை ஜெயித்தால் பிடிவாதம் தோற்றாகவேண்டும்.

இத்தகைய நீள் சங்கிலிகள் மனிதன் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வேட்டியிலுள்ள பருத்தி நூல் ஒரு நீள் சங்கிலி. சோறும் வைக்கோலும் அப்படியே. விவசாயத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிசி மாவும் வைக்கோலின் நாரும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையைக் கோத்துக் கோத்து ஆனவை. ஒரே வயல், ஒரே செடி, ஒரே சர்க்கரை. கோத்த கணுவில் ஒரு திருப்பந்தான் வித்தியாசம். அந்தத் திருப்பத்தை அவிழ்க்கும் சாவி நம் வயிற்றில் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகளிடத்தில் இருக்கிறது. அந்தக் கிருமிகளாலும் பாலிதீனை அவிழ்க்க முடியாது. ஆதலால்தான் தெருவில் பை தின்ற மாடு வயிறு அடைத்துச் சாகிறது.

உயிர்ச் சக்திக்கு வருகிறேன். 1828ல் ஜெர்மனியில் வோலர் என்பவர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைச் சூடாக்கியபோது வெள்ளைப் படிகங்கள் கிடைத்தன. சோதித்தால் யூரியா! அதுவரையில் மூத்திரத்திலிருந்துதான் யூரியா எடுத்திருந்தார்கள். மனிதனுடையதோ நாயினுடையதோ, சிறுநீரகமே இல்லாமல் யூரியாவைச் செய்துவிட்டேன் என்ற கருத்துப்பட அவர் தம் ஆசிரியர் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த யூரியாவைத்தான் நீங்கள் மூட்டை மூட்டையாக வாங்கி வயலுக்கு வீசுகிறீர்கள். தூத்துக்குடியிலும் மணலியிலும் அதற்கு ஆலைகள் ஏற்பட்டன. பசுவின் மூத்திரத்திலுள்ள யூரியா, அதைப் பக்தியோடு குடிக்கிறவரின் மூத்திரத்திலுள்ள யூரியா, அவர் கண்டால் தீட்டு என்கிறவரின் மூத்திரத்திலுள்ள யூரியா, ஆலை மூட்டையிலுள்ள யூரியா ஆகிய நான்கையும் சுத்தம் செய்து தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தால், எது எதிலிருந்து வந்தது என்று நெற்பயிர் கண்டுபிடிக்காது. கற்பூரமும் அப்படித்தான். முன்பு மரத்திலிருந்து வடித்தார்கள். இப்போது பெரும்பாலும் டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் செய்கிறார்கள். இது ஆலைக் கற்பூரம் என்று எந்தச் சாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

வோலர் ஒரே நாளில் உயிர்ச் சக்தியைக் கொன்றுவிட்டார் என்று நம்மவர்கள் சிலர் பேசுவதுண்டு. அது நாம் கட்டிக்கொண்ட புராணம். அவர் எடுத்துக்கொண்ட உப்பும் பிராணிப் பொருளிலிருந்து வந்ததுதானே என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். 1845ல் கோல்பே என்பவர், எந்தப் பிராணியின் சம்பந்தமும் இல்லாமல் கரியிலிருந்தும் கந்தகத்திலிருந்தும் தொடங்கிப் படிப்படியாக, காடியின் புளிப்பாகிய அசெடிக் அமிலத்தைச் செய்தார். பிறகும் அந்த நம்பிக்கை ஓர் இடத்தில் ஒளிந்திருந்தது. அந்த இடந்தான் கள்ளுப் பானை.

பதநீரிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது. உயிர் இல்லாமல் நொதித்தல் இல்லை என்று பாஸ்டர் போன்ற மகா மேதையே சொன்னார். 1897ல் பூக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் சர்க்கரையில் விட்டார். உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லை. ஆயினும் பொங்கிற்று! வேலை செய்தது உயிர்ச் சக்தியல்ல, சாற்றிலுள்ள நொதி என்ற வஸ்து.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாய்க் கேட்கவேண்டும். கரிச் சங்கிலியில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை வைத்தால் ஆல்கஹால் ஆகும். இரண்டு கரி உள்ளது எத்தனால். குடிக்கிற சாராயம் இதுதான். ஒரே கரி உள்ளது மெத்தனால்; ஆலை உபயோகத்துக்கு உரியது. மணத்திலோ ருசியிலோ குடிப்பவனுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் நம் ஈரல் எத்தனாலைக் கடைசியில் காடிப் புளிப்பாக்குகிறது. மெத்தனாலையோ ஃபார்மிக் அமிலம், அதாவது எறும்பில் உள்ள அமிலம் ஆக்கிவிடுகிறது. அது முதலில் கண் நரம்பைப் பிடிக்கும், பிறகு உயிரைப் பிடிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்குமேல் மாண்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு நெசவாளி, எனக்கு அண்ணன் முறை. ஒரு நாள் எங்கேயோ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அன்றிரவு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர், “என்னடா தம்பி, பனி இன்னும் விலகலையா?” என்றார். அது சித்திரை மாதம்! அம்மன் குற்றம் என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். நானும் அன்று பக்கத்தில் நின்றேன், எனக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதற்கு அடுத்த நாள். உயிர் தங்கிற்று, கண் தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் எடைக்குப் புத்தகம் வாங்கத் தொடங்கினேன்.

இதற்கு மருந்து உண்டு, தோழர்களே! ஈரலில் இவ்விரண்டையும் மாற்றுவது ஒரே நொதி. அதைத் தடுக்கும் ஃபோமிபிசோல் என்ற மருந்தை டாக்டர்கள் கொடுப்பார்கள். அது இல்லாத இடத்தில் அளவு பார்த்துச் சுத்த எத்தனாலையே கொடுப்பதும் உண்டு. நொதி அதில் மாட்டிக்கொண்டிருக்க, மெத்தனால் விஷமாகாமல் மெல்ல வெளியேறும். மிஞ்சியதை இரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரம் எடுத்துவிடும். இதைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க யாரும் புறப்பட வேண்டாம். அளவு டாக்டருக்குத்தான் தெரியும். குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால், கோயிலும் வேண்டாம், கயிறும் வேண்டாம், போலீசுக்குப் பயப்படவும் வேண்டாம். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம்.