மதிப்பு யாருக்கு?

(மருத்துவ மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மதிப்பு சார்ந்த மருத்துவம்' என்றொரு பேச்சு அரசு மருத்துவத்திலும் நுழைந்துகொண்டிருக்கிறது. 2006-ல் மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் டெய்ஸ்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய புத்தகத்தால் பரவியது. எத்தனை ஊசி, எத்தனை ஆபரேஷன் என்று எண்ணிக் காசு கொடுக்காதே. நோயாளிக்கு என்ன நலம் கிடைத்தது, அதற்கு என்ன செலவாச்சு என்று பார். சாரம் இவ்வளவுதான். கம்பெனிக்காரன் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. எண்ணிக்கையைத் துரத்தும் மருத்துவம் என்ன செய்யும் என்பது நம்ம சனத்துக்கு உடம்பிலேயே தெரியும்.

குடும்பக் கட்டுப்பாட்டை எடுத்துக்குங்க. 1996-ல் இலக்கு முறையைக் கைவிடும் வரை ஊழியர்களுக்கு ஆள் கணக்கு இருந்தது. மார்ச் மாசம் கணக்கு முடிக்க வண்டி எங்கே வரும்? சேரிக்குத்தான் வரும். எங்க அம்மா 'கேஸ்' ஆனது அப்படித்தான். வயித்து வலி தாங்காமல் திரும்பிப் போனபோது யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டில் ஒண்ணு ஏறியாச்சு. அதுக்கப்புறம் வரும் வலியை எழுத அந்த நோட்டில் இடம் கிடையாது.

அதே தமிழ்நாட்டில் வேறொன்றும் நடந்தது. அதையும் சொல்லணும். பிரசவத்தில் ஒரு பெண் செத்தால், வீடு தேடிப்போய் என்ன நடந்தது என்று விசாரிக்கும் முறை 1990-களில் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸுகளை முறை போட்டு இராப்பகல் பிரசவம் பார்க்க வைத்தார்கள். 2004-ல் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று வந்தது. பலன் கண்முன்னே இருக்கு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில். 2018-20-ல் இந்தியாவில் லட்சம் பேறுக்கு 97 தாய்மார் இறந்தார்கள், இங்கே 54. அதே கணக்கெடுப்பில் அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் நூற்றுக்கு 36, தனியாரில் 63.8. கத்திக்குக் கூடுதல் காசு என்றால் கத்திதான் பேசும்.

ஆனால் அந்த 54 பேர் யார்? எந்தத் தெரு? அறிவிக்கிற அந்தக் கணக்கில் சாதி இல்லை. சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒரே தராசில் போட்டு நடுவில் நிறுத்துகிற வேலை.

எங்க அக்காவுக்கு முதல் பிள்ளை ஒரு அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. தாயும் சேயும் நலம், செலவு குறைவு. மதிப்புக் கணக்கில் முழு மார்க். வலியில் கத்தினதுக்கு அவள் வாங்கின வசவும், 'எந்தத் தெரு' என்று கேட்டபிறகு மாறிப்போன முகமும் எந்தக் கணக்கில்? அடுத்த பிள்ளைக்குப் பனிக்குடம் உடையும் வரை வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்றாள். அவமானம் ஆளைத் தாமதப்படுத்தும். தாமதம் ஆளைக் கொல்லும். எங்க அக்கா பிழைச்சது அதிர்ஷ்டம்.

பலனுக்குத்தான் காசு என்று ஆக்கினால் இன்னொரு ஆபத்தும் இருக்கு. இரத்தசோகையோடு வருகிற கூலிக்காரப் பெண் 'கெட்ட ரிசல்ட்'. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டால் அனுப்பினவன் கணக்கு சுத்தம். வரும்போதே அவள் உடம்பு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சேர்த்துத்தான் பலனை அளக்கணும். பிரிட்டனில் 2004-ல் தரத்துக்குக் காசு என்று பொது மருத்துவர்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைப் பகுதிகள் பின்தங்கியிருந்த இடைவெளி முதல் சில ஆண்டுகளில் குறைந்தது நிஜம். ஆனாலும் 2016-ல் ஸ்காட்லாந்து அதைக் கைவிட்டது.

1928-ல் பம்பாய் சட்ட சபையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்கணும் என்றார். காசு யார் தருவது என்ற கேள்வியை அவர் மழுப்பவில்லை. நாம் இன்று கேட்கவேண்டியது அளவுகோல் யார் கையில் என்பதை. பிரசவம் முடிந்து நாற்பதாம் நாள் தாயிடமே கேட்கட்டும்: உன்னிடம் எப்படிப் பேசினார்கள், அடித்தார்களா, காசு பிடுங்கினார்களா என்று. பதிலைச் சாதிவாரியாக வெளியிடட்டும். மருத்துவம் படிக்கிற நீங்கள் நாளைக்கு அந்தப் படிவத்தை எழுதுகிற இடத்தில் இருப்பீர்கள். பிரசவ அறையின் இரத்தத்தைக் கழுவுகிற அக்கா பெரும்பாலும் நம்ம ஆள், ஒப்பந்தக்காரன் கீழே. அவளுக்குக் கையுறை கிடைத்ததா, சம்பளம் முழுசா வந்ததா என்ற கேள்வியையும் அதில் சேருங்க.