தையற்பொறியும் தலைவலியும்

 

திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் தையற்பொறிமுன் குனிந்திருப்போர் பலர். காலையில் வெறுந்தேநீர்; காலந்தாழ்ந்த உணவு; கூசும் விளக்கு; ஓயாத இரைச்சல். கழிப்பிடத்திற்கு எழுந்தால் மேற்பார்வையாளர் முகஞ்சுளிப்பாரே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களும் உளர். மாலையில் தலை வலியாமல் என்செய்யும்?

உடனே நாடுவது கடை மாத்திரையை. பெருந்தீங்கு அங்கேதான் தொடங்குகிறது! தனி வலிநீக்கியைத் திங்களுக்கு 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையாயின் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று திங்களுக்கு மேலும் விழுங்கிவந்தால் அம்மருந்தே தலைவலியை வளர்க்கும் என்கிறது இற்றை மருத்துவம். நீண்டநாள் விழுங்கியவர் மருத்துவரைக் கேட்டே நிறுத்துக.

'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் பெரிதும் பேசுவது உணவைப் பற்றியே. மிகையுண்டு நோயுறுவாரை அவர் கடிந்தார். இங்கோ உண்ணாமையே நோய்! காலையுணவைத் தவிர்க்காதீர். தண்ணீரை அடிக்கடி பருகுக. இடையிடையே கழுத்தை நிமிர்த்தித் தொலைவில் நோக்குக. நாள்தோறும் ஒரே பொழுதில் உறங்குக. சுக்குப்பற்று சற்றே இதந்தரும், கரணியத்தை நீக்காது. இடிபோல் திடுமெனத் தாக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்திறுக்கம், கைகால் தளர்ச்சி, பேச்சுக்குழறல் கண்டால் பற்றுப்போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

குடிநீர், கழிப்பிடம், 5 மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு ஆகியவற்றைத் தொழிற்சாலைச் சட்டம் 1948இலேயே வகுத்தது. அவற்றைக் கூடத்தில் கூடிநின்று கேளுங்கள்.