ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து எதற்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கர்ப்பப்பையில் கட்டி என்று கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகிறோம். இல்லாவிட்டால் சிதம்பரம் ராஜா முத்தையா. 2021-லிருந்து அது அரசு மருத்துவக் கல்லூரி. "மூணு மாசம் மருந்து எடுத்துக்கிட்டு வாம்மா, அப்புறம் ஆபரேஷன்" என்கிறார் டாக்டர். நம்ம ஆளுங்க, "அலைய விடறாங்க" என்று கோபித்துக்கொண்டு, குழுவில் உள்கடன் வாங்கித் தனியாரில் உடனே பையை எடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது. கவலைப்பட வேண்டியது ரத்தத்தைத்தான். மாசம் பத்து நாள் பெரும்பாடு போனால் உடம்பில் ரத்தம் எங்கே நிற்கும்? நமக்கு 12 பாயிண்ட் இருக்கணும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அந்த நிலையில் ஆபரேஷன் செய்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும், உடம்பு தேற நாளாகும். அதனால்தான் முதலில் இரும்புச்சத்து மாத்திரை. டீயோடு சாப்பிடாதீங்க, சத்து உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். போக்கைக் குறைக்கத் தீட்டு நாளில் மட்டும் போடும் மாத்திரையும் உண்டு. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிடணும்.

சிலருக்கு லியூப்ரோலைடு என்ற ஊசி, மாதம் ஒன்று. எல்லாருக்கும் தேவைப்படாது, விலையும் சில ஆயிரம். முதல் ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் போக்கு கூடலாம், பிறகு தீட்டு நின்றுவிடும், கட்டி சுருங்கும், ரத்தம் ஊறும். கட்டி சின்னதானால் வயிற்றில் நீளமாகக் கீறாமல் குறுக்கே சின்னதாகக் கீறலாம். உடம்பு திகுதிகுவென்று எரியும், ராத்திரி வியர்க்கும். எலும்பு பலம் குறையும் என்பதால் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை. ஊசியை நிறுத்தினால் கட்டி பழையபடி வளரும். "தீட்டுதான் நின்னுடுச்சே" என்று ஆபரேஷன் தேதியை விட்டுட்டா, பட்ட பாடெல்லாம் வீண்.

பையை எடுக்கத்தான் வேணுமா என்றும் தைரியமாகக் கேளுங்க. தொந்தரவு தராத கட்டிக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. தேவையில்லாமல் பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வழிமுறை கொடுத்தது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்தணும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

போகும்போது ஸ்கேன் தாள், ரத்தச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கோங்க. ஆபரேஷனும் ஊசியும் காப்பீட்டில் வருமா என்று அங்கேயே விசாரிங்க.

மணிக்கொரு துணி நனைந்தாலோ, மயக்கம், மூச்சுவாங்கல் வந்தாலோ, மூணு மாசக் கணக்கெல்லாம் பார்க்காமல் அப்பவே 108-ஐக் கூப்பிடுங்க.