ராணுவ லாரி இடித்தால் யாரைக் கேட்பது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மில் பலர் நாராயணா, பாலம், கன்டோன்மென்ட் பக்கம் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். அந்தச் சாலைகளில் ராணுவ லாரிகள் ஓடுகின்றன. அதில் ஒன்று நம் ஆளை இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்து கொஞ்சம் பணத்தை நீட்டுகிறார். "பட்டாளத்தின் மேல் கேஸ் போட முடியாதம்மா, இதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். போடலாமா? இவ்வளவுதான் என்று தீர்க்கும் அதிகாரம் அவருக்கு உண்டா? இன்று இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கதை ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது. கல்கத்தாவில் கிதர்ப்பூர் கப்பல் தளத்து ஆட்கள் தூக்கிச் சென்ற இரும்பைச் சாலையில் போட்டுவிட்டார்கள். ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயப்பட்டது. கம்பெனி 350 ரூபாய் நஷ்டஈடு கேட்டது. சர்க்கார் கொடுக்க வேண்டியதுதான் என்று 1861ல் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கோடும் கிழித்தது. தனியாரும் செய்யக்கூடிய வேலையில் தவறு நடந்தால் சர்க்கார் பொறுப்பு. அரசாட்சி மட்டுமே செய்யக்கூடிய வேலையில் நடந்தால் பொறுப்பில்லை என்றது.

வெள்ளைக்காரன் போனான், அவன் கிழித்த கோடு போகவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 300வது பிரிவு, பார்லிமெண்ட் வேறு சட்டம் இயற்றும்வரை பழைய பொறுப்பே தொடரும் என்கிறது. மீரட் போலீஸ் பிடித்து வைத்த தங்கத்தைப் போலீஸ்காரரே எடுத்துக்கொண்டு ஓடிவிட்ட வழக்கில், 1964ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கோட்டைக் காட்டி நஷ்டஈட்டை மறுத்தது. சட்டத்தை மாற்றுங்கள் என்று அதே கோர்ட் சர்க்காருக்குச் சொல்லவும் செய்தது.

இந்தக் கோட்டினால் நேர்ந்த கூத்தைக் கேளுங்கள். விமானப்படை வண்டி ஹாக்கி ஆட்டக்காரர்களை ஏற்றிச் சென்ற பயணத்தில் விபத்து நேர்ந்து ஓர் உயிர் போனது. விளையாட்டுக்கு ஆள் ஏற்றுவது அரசாட்சி வேலை அல்ல, ஆகவே சர்க்கார் பொறுப்பு என்றது 1967ல் வெளியான டில்லி ஹைகோர்ட் தீர்ப்பு. ஆனால் சென்னையில் கடற்படைக் கப்பலுக்கு வாயு ஏற்றிச் சென்ற லாரி பத்து வயதுப் பையன் ஒருவனை இடித்தது. ஆறு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, நிரந்தர ஊனம். கப்பலுக்குச் சரக்கு கொண்டு போவது அரசாட்சி வேலை, நஷ்டஈடு கிடையாது என்றது 1975ல் வெளியான சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு. இப்படிச் சொல்வது கொடுமை என்று நீதிபதிகளே மனம் நொந்து, கருணைத் தொகையாகப் பத்தாயிரம் ரூபாயாவது கொடுங்கள் என்று சர்க்காருக்குச் சிபாரிசு செய்தார்கள்.

தோழர்களே, கம்பெனியின் குதிரைக்கு 1861லேயே கிடைத்தது உரிமை. நம் பிள்ளைக்குக் கிடைத்தது சிபாரிசு. உரிமைக்கும் கருணைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கருணைத் தொகையைக் கொடுப்பதும் மறுப்பதும் கொடுக்கிறவன் இஷ்டம். உரிமையை மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அதுவும் கோர்ட்டில் சொல்ல வேண்டும்.

பிறகு நிலைமை மாறியது. ராணுவ லாரி டிரைவரின் அஜாக்கிரதையால் விபத்து நேர்ந்தால் அரசாட்சி வேலை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 1984ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஆகவே கேஸ் போட முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நஷ்டஈட்டை முடிவு செய்ய வேண்டியது மோட்டார் விபத்து டிரிப்யூனல். எதிர்க்கட்சி யூனியன் ஆஃப் இந்தியா. சர்க்கார் காரியத்துக்கு ஓடும் ராணுவ வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. அதனால் இன்ஷூரன்ஸ் இல்லையே என்று கலங்க வேண்டாம். சர்க்காரே கட்ட வேண்டும்.

செய்ய வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து நகல் வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் கூலிக்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் தர 1987ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தில் கேளுங்கள். "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிய காகிதத்தில் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

லாரி விஷயத்தில் இந்த வழி உண்டு. எல்லா விஷயத்திலும் இல்லை. துப்பாக்கிப் பயிற்சியில் பயிர் பாழானால், 1938ஆம் வருடச் சட்டப்படி வருவாய் அதிகாரி பார்த்துத் தொகை சொல்வார். ஒப்பாவிட்டால் கலெக்டர் தலைமையிலான குழு. அதில் ராணுவம் நியமித்தவரும் உட்காருவார். அதன் முடிவே இறுதி. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள பகுதிகளிலோ, மத்திய சர்க்காரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கே தொடர முடியாது. அதாவது எந்தச் சர்க்கார் மேல் புகாரோ அந்தச் சர்க்காரிடமே அனுமதி கேட்க வேண்டும்! அப்படியும் மணிப்பூரில் 1982ல் ராணுவத்தினர் அழைத்துச் சென்று திரும்பாத இருவரின் மனைவியர் விஷயத்தில், தலா ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க 1984ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கதவைத் தட்டியதால்தான் அதுவும் கிடைத்தது.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. வெளிநாடுகளில் அமெரிக்கப் படை விளைவிக்கும் சேதத்துக்கு, அந்நாட்டின் 1942ஆம் வருடச் சட்டப்படி படை அதிகாரிகளின் குழுவே பணம் கொடுக்கும் அல்லது மறுக்கும். சண்டையில் நேர்ந்த சேதம் கணக்கிலேயே வராது.

இடித்தவனே நீதிபதியாக உட்காரக் கூடாது. சர்க்காரின் பொறுப்பை வரையறுத்துச் சட்டம் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1956லேயே சொன்னது. 1960களில் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அந்தச் சட்டத்தைக் கேட்பது தேசத்துரோகம் அல்ல. பட்டாளத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். அவர்கள் காக்கும் நாட்டில் கூலிக்காரன் உயிருக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்கிறோம். அவ்வளவுதான்.